வாசலில் ஒரு சிவப்புத் தரை

வீடு கட்டுபவர் கையில் பணம் கரைந்த பிறகுதான் கொத்தனார் முகப்புக்கு வந்து சேர்கிறார். ஹாலுக்கு விட்ரிஃபைடு டைல்ஸ், சமையல் மேடைக்கு கிரானைட், பூஜை அறைக்குத் தேக்குக் கதவு எல்லாம் முடிந்திருக்கும். பெயின்டருக்கும் எலெக்ட்ரீஷியனுக்கும் பாக்கி நிற்கும். "போர்டிகோவுக்கு என்ன சார் போடலாம்?" என்று கேட்டால், "மிச்சமிருக்கிற டைல்ஸைப் போட்டு முடிச்சிடுங்க" என்பதுதான் பெரும்பாலும் பதில். ஐப்பசி மழையில் அந்த வழவழப்பு நனைந்து, சம்பந்தி முதல் கூரியர் பையன் வரை எல்லோரையும் வழுக்கிவிடும் கதை அங்கே ஆரம்பமாகிறது.

கூரை போட்ட முகப்புக்கு, அது திண்ணையோ வராந்தாவோ, சிட்-அவுட்டோ கார் நிற்கிற போர்டிகோவோ, சிமெண்ட் தரையைவிடப் பொருத்தமானது வேறு இல்லை என்பது இந்தக் கட்டுரையின் கட்சி. டைல்ஸுக்கு அடியில் மறைந்துகிடக்க வேண்டிய சங்கதியாகவே அதைப் பார்த்துப் பழகிவிட்டோம். அதையே முடிந்த தரையாக, அழகான தரையாக எடுத்துவிட முடியும். ஒரே நிபந்தனை: கடைசி வாரத்தில் யோசித்தால் நடக்காது. அஸ்திவாரத்துக்கு மண் நிரப்பும்போதே முகப்புத் தரை முடிவாகியிருக்க வேண்டும்.

கூரை எவ்வளவு தாழலாம்?

தரையைப் பற்றிப் பேசுவதற்கு முன் கூரையைப் பேசியாக வேண்டும். வெயிலும் மழையும் தரையில் எங்கே விழும் என்பதைக் கூரையின் ஓரம்தான் தீர்மானிக்கிறது.

புதுச்சேரியில் வைசியாள் வீதிக்குப் போனால் இதைக் கண்ணால் பார்க்கலாம். தெருவிலிருந்து படியேறியதும் மரத்தூண்கள் தாங்கிய ஓட்டுச் சாய்ப்போடு ஒரு தாழ்வாரம். அதைத் தாண்டி உயரமாக ஒரு திண்ணை. அதற்கப்புறம்தான் கதவு. மரபுக் கட்டடங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பு முன்னின்று அந்த வீதியின் வீட்டு முகப்புகளைச் சீரமைத்தது. அதற்கு 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது. வரிசையாக நிற்கும் அந்த வீடுகளில் கவனிக்க வேண்டியது, இறவாணம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதுதான். உயரமானவர்கள் பழைய வீடுகளில் தலையைக் குனிந்துதான் நுழைவார்கள். கட்டியவர்கள் கணக்குத் தெரியாமல் அப்படிச் செய்யவில்லை.

மேற்குப் பார்த்த வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். முகப்பின் ஆழம் 10 அடி. சித்திரை மாதத்தில் மூன்று மணி வாக்கில் வெயில் ஏறக்குறைய 45 டிகிரி சாய்ந்துவிடும். கூரையின் விளிம்பு 10 அடி உயரத்தில் இருந்தால் வெயில் 10 அடியும் உள்ளே வந்து சுவரைத் தொடும். அதே விளிம்பை 7 அடிக்கு இறக்கினால் வெயில் 7 அடியில் நின்றுவிடும். சுவரோரம் 3 அடி நிழல் மிஞ்சும். பழைய திண்ணைகளின் அகலமும் சுமாராக அந்த 3 அடிதான். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தாத்தா படுத்திருந்த இடம் அந்த மிச்ச நிழல்தான்.

இன்று ஹாலின் 10 அடி உயரத்திலேயே போர்டிகோ தளத்தையும் நீட்டிவிடுகிறோம். சென்ட்ரிங் வேலை ஒரே நாளில் முடிந்துவிடும் என்ற சௌகரியத்தைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை. தளத்தை நீட்டுவதற்குப் பதிலாக, வாசல் நிலைக்குச் சற்று மேலிருந்து இரும்புச் சட்டமோ மரச்சட்டமோ கொடுத்து மங்களூர் ஓட்டுச் சாய்ப்பாக இறக்கலாம். தளம்தான் வேண்டும் என்றால் விளிம்பில் ஒன்றரை, இரண்டு அடி தொங்குகிற மாதிரி மூங்கில் தட்டியோ கொடிப் பந்தலோ விடுங்கள். நாலரை, ஐந்து மணி வெயிலை எந்தக் கூரையும் தடுக்காது. மேற்கு முகப்பில் தட்டி கட்டக் கொக்கிகளைக் கட்டும்போதே பதித்துவிடுவது நல்லது.

வடகிழக்குப் பருவமழை நேராக விழுவதில்லை, சாரலாக அடிக்கும். எனவே கூரை, தரையின் விளிம்பைத் தாண்டி 2 அடியாவது வெளியே நீள வேண்டும். கான்கிரீட் தளமாக இருந்தால் அதன் அடிப்பக்கம், ஓரத்திலிருந்து 2 அங்குலம் உள்ளே தள்ளி, நீளமாக ஒரு பள்ளக்கோடு எடுக்கச் சொல்லுங்கள். டிரிப் மோல்டு என்றால் எந்தக் கொத்தனாருக்கும் தெரியும். அது இல்லாவிட்டால் மழைநீர் தளத்தின் அடியிலேயே ஊர்ந்து வந்து சுவரில் இறங்கும். சில ரூபாய் செலவுள்ள வேலை. பத்து வீட்டில் ஒரு வீட்டில்கூடக் கேட்டு வாங்குவதில்லை.

விரிசல் எங்கிருந்து வருகிறது?

"சிமெண்ட் தரையா? விட்டு விட்டு விரியுமே!" என்பார்கள். விரியும்தான். ஆனால் அநேகமாகப் பழி போய்ச் சேர வேண்டியது சிமெண்ட்டுக்கு அல்ல, அதற்குக் கீழே இருக்கும் மண்ணுக்கு. வானம் தோண்டிய மண்ணையே திரும்பக் கொட்டி, மேலே ஒரு லோடு கிராவலைத் தட்டி, மறுநாளே ஜல்லி போட்டால் முதல் மழைக்காலத்தில் மண் இறங்கும். தரை அதோடு இறங்கும். 6 அங்குலத்துக்கு ஒரு அடுக்காக நிரப்பி, தண்ணீர் விட்டு, திமிசு போட்டு இறுக்க வேண்டும். கரிசல் மண் பகுதிகளில், கோவில்பட்டி விருதுநகர்ப் பக்கமெல்லாம், அந்த மண்ணை முடிந்த ஆழத்துக்கு எடுத்துவிட்டுச் செம்மண் கிராவல் நிரப்புவதைத் தவிர வழியில்லை. கரிசல் ஈரத்தில் உப்பும், கோடையில் சுருங்கிப் பிளக்கும்.

அடுத்த காரணம், பாத்தி பிரிக்காமல் ஒரே வீச்சில் போடுவது. காய்கிற கான்கிரீட் சுருங்கும். எங்கே விரிய வேண்டும் என்று நாம் கோடு போட்டுக் கொடுக்காவிட்டால் அது தன் இஷ்டத்துக்குக் கோடு போட்டுக்கொள்ளும். பாத்தியின் எந்தப் பக்கமும் 2 மீட்டரைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது பொறியாளர்களின் நடைமுறை. 10க்கு 12 முகப்பு என்றால் நடுவே குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடு. 5க்கு 6 அடியில் நான்கு பாத்திகள். கோட்டில் 4 மில்லிமீட்டர் கண்ணாடிப் பட்டையைச் செங்குத்தாக நிறுத்துவது பழைய வழக்கம். பித்தளைப் பட்டை வைத்தால் செலவு கூடும், அழகும் கூடும். வீட்டுச் சுவரும் முகப்புத் தரையும் சேருகிற இடத்திலும் ஓர் இடைவெளி விட வேண்டும். இரண்டும் வேறு வேறு வேகத்தில் இறங்குபவை.

இதே 10க்கு 12 முகப்புக்கு 4 அங்குல கான்கிரீட்டும் மேலே முக்கால் அங்குலக் கலவையும் போட சிமெண்ட் 11 மூட்டைக்குள் அடங்கும். கார் ஏறுகிற இடம் என்றால் 4 அங்குலம் போதாது. 6 அங்குலமும் கம்பி வலையும் வேண்டும். வாட்டம் ஓர் அடிக்குக் கால் அங்குலம். 10 அடியில் இரண்டரை அங்குலம் வெளியே சாய்ந்திருக்கும். உட்காருபவருக்குத் தெரியாது, தண்ணீருக்குத் தெரியும். ரசமட்டம் வைத்து நீங்களே சரிபாருங்கள். வாட்டம் உள்நோக்கி இருப்பதைத் தரை இறுகிய பிறகு கண்டுபிடித்து யாருக்கும் லாபமில்லை.

நிறம் ஏறும் நேரம்

திருச்சிக்குப் பக்கத்தில் டால்மியாபுரம் ஆலை 1939-ல் வந்தது. நெல்லை சங்கர் நகரில் 1949-ல் உற்பத்தி தொடங்கியது. சிமெண்ட் பக்கத்திலேயே கிடைக்க ஆரம்பித்த பிறகு சாணம் மெழுகிய திண்ணைகளும் சுண்ணாம்புத் தரைகளும் சிவப்பு ஆக்ஸைடு கலந்த சிமெண்ட் ஏறி மெல்ல மெல்லச் சிவப்பாயின. வாத்தியார் வீடு, கிளார்க் வீடு, மளிகைக்கடைக்காரர் வீடு என்று நடுத்தரக் குடும்பங்களின் தரை அது. யாழ்ப்பாணத்து விறாந்தைகளிலும் இதே சிவப்பைப் பார்க்கலாம்.

ஆக்ஸைடு தரை போடும் கொத்தனாரைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். அடியில் இருக்கும் கான்கிரீட் சொரசொரப்பாகவே விடப்பட்டிருக்கும். அதை நனைத்து, சிமெண்ட் பால் தெளித்து, ஒன்றுக்கு மூன்று கலவையைப் பரப்பி, மட்டப்பலகையால் இழுத்து, மணியாசுக் கட்டையால் தேய்ப்பார். அந்தக் கலவை இறுகத் தொடங்கியும் ஈரம் போகாமல் இருக்கும் இடைவேளையில்தான் சிவப்பு விழ வேண்டும். வழக்கமாக ஒரு பங்கு ஆக்ஸைடுக்கு மூன்று பங்கு சிமெண்ட். உலர்ந்த நிலையிலேயே சலித்து, முகப்பு முழுவதுக்கும் தேவையானதை ஒரே தடவையில் கலந்து வைத்துக்கொள்வார். இரண்டு தடவையாகக் கலந்தால் இரண்டு சிவப்பு வரும். அதைத் தண்ணீர் விட்டுக் குழைத்து, தோசை ஊற்றுகிற பதத்தில் மெல்லிசாகப் பரப்பிவிட்டுக் காத்திருப்பார்.

இந்தக் காத்திருப்புதான் தொழில். குந்தியபடி கட்டைவிரலை அழுத்திப் பார்க்கிறார். ரேகை பதிகிறது, ஆனால் விரலில் ஈரம் ஒட்டவில்லை. உடனே இரும்புக் கரண்டியை எடுக்கிறார். ஒரு பலகையில் உட்கார்ந்து பின்னாலேயே நகர்ந்தபடி, கரண்டியின் ஓரத்தைச் சற்றே தூக்கி, அரைவட்டமாக அழுத்தி இழுக்கிறார். மங்கலாக இருந்த சிவப்பு கரண்டி போன வழியில் கண்ணாடியாகிறது. சீக்கிரம் தேய்த்தால் தண்ணீர் மேலே வந்து நிறம் வெளிறும். தாமதமானால் கரண்டி கருப்புத் தடம் விடும். அவசரத்துக்கு உலர்ந்த சிமெண்டைத் தூவித் தேய்ப்பவர்களும் உண்டு. மாதம் திரும்புவதற்குள் மேல்தோல் முழுவதும் மயிரிழை விரிசலாகும். ஒரு பாத்தியைத் தொட்டால் முடித்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும், டீ வந்தாலும்.

மறுநாள் விளிம்பில் மண்ணால் வரப்பு கட்டித் தண்ணீரை நிறுத்திவிட வேண்டும். கான்கிரீட் 7 நாளில் தன் பலத்தில் மூன்றில் இரண்டு பங்கை எட்டும், 28 நாளில் முழுப் பலம் என்று கணக்கு. இப்போது கடையில் கிடைக்கும் சிமெண்ட் பெரும்பாலும் சாம்பல் கலந்தது. அதற்கு 7 நாள் போதாது, 10 நாளாவது தண்ணீர் நிற்க வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் இந்த வேலையை ஆரம்பிக்காமல் இருப்பது உத்தமம். நன்றாகக் காய்ந்த பிறகு தேங்காய் எண்ணெய் தொட்டுத் துணியால் தேய்ப்பார்கள். அதன் பிறகு மெருகேற்றும் வேலையை வீட்டார் பாதங்கள் பார்த்துக்கொள்ளும்.

ஒரு எச்சரிக்கை. இரும்பு ஆக்ஸைடு வெயிலில் வெளுக்காது. மலிவாகக் கிடைக்கும் சாயப்பொடிகள் வெளுத்துவிடும். மஞ்சளும் பச்சையும் வேண்டும் என்பவர்கள் வெள்ளை சிமெண்ட்டில் கலக்க வேண்டும். சாம்பல் சிமெண்ட்டில் அவை அழுக்காகத் தெரியும். வெயில் நேராக விழும் முகப்பில் கருப்பு வேண்டாம், மதியம் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது. புதுத் தரையில் வெள்ளையாக உப்புப் பூத்தால் பயப்படாதீர்கள். சிமெண்ட்டிலிருந்து கசியும் சுண்ணாம்பு காற்றுபட்டு வெளுப்பதுதான் அது. தேய்த்துத் துடைக்கத் துடைக்கப் போய்விடும். குளியலறை ஆசிட்டை மட்டும் கொண்டுவந்துவிடாதீர்கள். ஆசிட் சிமெண்ட்டைத் தின்னும்.

கண்ணாடியில் பிறக்கும் பூக்கள்

சிவப்பு போதாது, பூ வேண்டும் என்பவர்களுக்குக் காரைக்குடிக்குப் பக்கத்தில் ஆத்தங்குடி இருக்கிறது. அந்த டைல்ஸும் சிமெண்ட்தான், சூளை பார்க்காத கல். கண்ணாடித் துண்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ அச்சை வைத்து, ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு நிறக் குழம்பை ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கியதும் நிறங்கள் கலக்காமல் நிற்கும். அதன் மேல் உலர்ந்த சிமெண்ட்-மணல், அதன் மேல் ஈரக் கலவை, ஒரு அழுத்து. காய்ந்து, தண்ணீர்த் தொட்டியில் ஊறி, மறுபடி காய்ந்த பிறகு கண்ணாடியிலிருந்து கழன்று வரும். கண்ணாடி தொட்டிருந்த முகம்தான் மேல் முகம். பளபளப்பு அங்கிருந்து வருகிறது.

முகப்பு முழுக்க இதைப் பரப்புவதில் எனக்கு உடன்பாடில்லை. சாரல் படுகிற விளிம்பில் கறை ஏறும். நடுவில் ஒரு பாய் அளவுக்கு ஆத்தங்குடி, சுற்றிலும் சாதாரணச் சாம்பல் சிமெண்ட், விளிம்பில் ஒன்றரை அடிக்குத் துடைப்பத்தால் கோடு இழுத்த சொரசொரப்பு. மூன்றும் சிமெண்ட், ஆனால் மூன்றுக்கும் வேலை வேறு. படிகளுக்கும் அந்தச் சொரசொரப்புதான் சரி. பழைய வீட்டில் மொசைக் முகப்பு இருந்தால் இடிக்காதீர்கள். மெஷின் வைத்து மறுபடி பாலிஷ் போட்டால் புதுசாகிவிடும்.

கருங்கல் மாதிரி, மரப்பலகை மாதிரி அச்சு குத்திய கான்கிரீட் இப்போது புறநகர் வில்லாக்களில் பரவுகிறது. கான்கிரீட்டுக்கு இந்த மாறுவேடம் எதற்கு? எபாக்ஸி பூசினால் வெயில் படுகிற இடம் நாளடைவில் மஞ்சளாகும். அது உள்ளறைக்கு ஆகும், வாசலுக்கு ஆகாது.

உட்காரவா, செருப்பு விடவா?

சிட்-அவுட் என்று வரைபடத்தில் பெயர் இருக்கும். கட்டி முடித்தால் 4 அடி அகலம், உயரமாகக் கிரில், உள்ளே செருப்பு ஸ்டாண்ட், தண்ணீர் கேன், ஒரு ஸ்கூட்டர். உட்கார இடம் இருக்காது. செருப்புக்கும் கேனுக்கும் சுவரில் ஒரு பொந்து ஒதுக்கிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். பாதுகாப்புக்குக் கிரில் வேண்டும் என்றால் அதை வீட்டுக் கதவில் போடுங்கள். முகப்பைக் கூண்டாக்கிவிட்டு அதில் உட்கார ஆளில்லை என்று வருத்தப்படுவதில் நியாயமில்லை.

நாற்காலி வாங்குவதைவிடத் திண்ணை கட்டுவது மலிவு. தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம். உட்கார மட்டும் என்றால் ஒன்றே முக்கால் அடி அகலம், படுக்கவும் வேண்டுமென்றால் 3 அடி. தரையின் சிவப்பையே மடக்கித் திண்ணைக்கும் ஏற்றலாம். மூலை சேருமிடத்தை உருட்டிவிட்டால் பெருக்கச் சுலபம். பழைய திண்ணைகள் சிலவற்றில் சுவரோரம் சரிவாக ஒரு மேடு எழும்பியிருக்கும். தலையணைக்குப் பதில் சிமெண்ட்டிலேயே கட்டிய தலைமாடு அது. வெயில் காலத்தில் அதன் குளுமைக்கு இலவம்பஞ்சு ஈடாகாது. இன்று கட்டுகிறவர்களும் கேட்டு வாங்கலாம், கொத்தனாருக்கு அரை மணி நேர வேலை.

இலங்கையில் பென்டோட்டைக்கு அருகே லுணுகங்கை தோட்டத்தைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1948-ல் வாங்கி, 2003-ல் மறையும் வரை இழைத்துக்கொண்டே இருந்தார். அவருடைய வராந்தாக்களில் பொருட்கள் குறைவு. தாழ்ந்த கூரை, வெறும் தரை, ஏரியைப் பார்த்தபடி நாலைந்து ஆசனம். நம் முகப்புகளிலோ கண்திருஷ்டிப் படம், பிளாஸ்டிக் புல், தொட்டி வரிசை, காற்றில் கிணுகிணுக்கும் மணி என்று எல்லாம் இருக்கும். தொட்டி வைத்தால் கால் வைத்த ஸ்டாண்டில் வையுங்கள். நேராகத் தரையில் வைத்தால் விழும் வட்டக் கறை பிறகு போகவே போகாது.

ஊஞ்சல் ஆசை உள்ளவர்கள் தளம் போடும் முன்பே சொல்லிவிட வேண்டும். கொக்கி, தளத்துக் கம்பியோடு கட்டப்பட்டு கான்கிரீட்டுக்குள் இருக்க வேண்டும். பிறகு துளை போட்டு மாட்டும் போல்ட்டை நம்பி இரண்டு பேர் ஆடுவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். முன்னும் பின்னும் 3 அடி வெற்றிடமும் வேண்டும். அந்த இடத்தில் யாராவது செடி வைப்பார்கள், இப்போதே தடுத்துவையுங்கள்.

கோலத்துக்கும் ஓர் இடம் ஒதுக்கலாம். வழுவழுப்பான டைல்ஸில் மாவு நிற்காது, காற்றடித்தால் பறந்துவிடும். படிக்கு மேலே, கூரை நிழலுக்குள், மெருகேற்றாத சாம்பல் சிமெண்ட்டில் 3 அடிச் சதுரம் விட்டு, சுற்றி ஒரு சிவப்புக் கரை கட்டினால் போதும். மார்கழி மழையிலும் கோலம் சாயங்காலம் வரை இருக்கும், ஸ்டிக்கர் வாங்கும் செலவும் மிச்சம்.

ஏற்கெனவே சிவப்புத் தரை உள்ள பழைய வீட்டில் இருப்பவர்கள் கேட்பது வேறு: பாளம் பெயர்ந்த இடத்தை என்ன செய்வது? அதே கொத்தனார், அதே ஆக்ஸைடு, அதே விகிதம் என்றாலும் ஒட்டு வேலை பழைய நிறத்தோடு சேராது. பல வருடம் நடந்து நடந்து ஏறிய நிறத்தை ஒரே நாளில் கலக்க முடியாது. சேர்ப்பதற்கு முயலவே வேண்டாம். பெயர்ந்த இடத்தைச் சுற்றி ஒழுங்கான சதுரமாக வெட்டி எடுத்துவிட்டு, நாலு ஆத்தங்குடிப் பூக்கல்லைப் பதியுங்கள். எதிர் மூலையிலும் அதே போல ஒரு சதுரத்தை வெட்டி, அங்கும் நாலு கல். யாராவது கேட்டால், டிசைனே அப்படித்தான் என்று சொல்லிக்கொள்ளலாம்.